படகில் வயர்லெஸ் செட்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் உண்டா?

விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

நானே தொடங்குகிறேன். கோடியக்கரைக்குக் கிழக்கே, இரவு 2 மணி. வலை புரொப்பல்லரில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. வாடைக் காற்று எங்களை எல்லைக் கோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

செட்டில் எல்லோர் பேச்சும் கேட்கிறது. மைக்கை அழுத்தினால் மட்டும் திரை அணைந்துவிடுகிறது. விட்டால் மறுபடி எரிகிறது. அழுத்தினால் அணைகிறது. இப்படி எத்தனை முறை செய்தேன் என்று தெரியாது. இதற்கு நடுவே என் மைத்துனர் தன் படகிலிருந்து எங்கள் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "எங்கே இருக்கிறீர்கள், ஏன் பதில் இல்லை" என்று கேட்கிறார். குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது, ஒரு சொல் பதில் தர முடியவில்லை. அந்தத் திரை எரிந்து அணைந்ததுதான் இன்றும் கண்ணை மூடினால் வருகிறது.

விடிந்த பிறகு வேறொரு படகு பார்த்து இழுத்து வந்தது. கரையில் பிரித்துப் பார்த்தபோது, செட்டைப் பொருத்தியவர் பாட்டரியிலிருந்து தனி வயர் இழுக்காமல், வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) விளக்குக்குப் போகும் மெல்லிய வயரிலேயே இணைத்திருந்தார். கேட்பதற்குச் சொற்ப மின்சாரம் போதும். 25 வாட்டில் பேசும்போது செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். அந்த வயரால் அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட்டேஜ் விழுந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகள் அந்தச் செட்டில் "கேட்கிறது, நன்றாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டே தொழிலுக்குப் போயிருக்கிறேன்.

தூண்டில் படகுத் தொழிலாளி, கன்னியாகுமரி மாவட்டம்

எங்கள் செட்டில் குறை எதுவும் இல்லை. வின்ச்சுக் கயிற்றில் மாட்டி எங்கள் பையன் ஒருவனின் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. இரத்தம் நிற்கவில்லை. பக்கத்தில் வேகமான ஃபைபர் படகு ஏதாவது நின்றால் அவனை ஏற்றிக் கரைக்கு அனுப்பலாம் என்று படகை ஓட்டும் ஸ்ராங்கு மைக்கை எடுத்தார்.

சேனல் முழுவதும் செபமாலை. யாரோ ஒருவரின் மைக் பொத்தான், மீன் பெட்டிக்கு இடையிலோ உடம்புக்கு அடியிலோ அழுந்திக் கிடந்திருக்கிறது. அவருக்குத் தெரியாமலே அவர் படகின் எஞ்சின் இரைச்சலும் "அருள் நிறைந்த மரியே" என்று அவர் சொல்வதும் எல்லாப் படகுகளுக்கும் போய்க்கொண்டிருந்தன. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால், யாருடைய அலை வலுவாக வருகிறதோ அதுதான் கேட்கும். நாங்கள் கத்தியது யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஐம்பத்து மூன்று மணிகளும் முடியும்வரை கேட்டோம். என் கையில் துணி, துணியில் இரத்தம், காதில் அந்த மனிதரின் பக்தியான குரல். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இன்றும் கோவிலில் செபமாலை தொடங்கினால் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன்.

அந்தப் பையனுக்கு அந்தக் கையில் இப்போது மூன்று விரல்கள் இருக்கின்றன. தொழிலுக்கு வருகிறான்.

படகு எலெக்ட்ரீஷியன், தூத்துக்குடி

நாகப்பட்டினத்து அண்ணனுக்கு ஒரு வார்த்தை. வயரை மாற்றியதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். முப்பது செட்டுகள் பழுது என்று வந்தால், வயர் காரணமாக இருப்பது சிலவற்றில்தான். நான் அதிகம் பார்ப்பது ஆன்டெனா முனை. ஒரு படகில் "தூரம் போகவில்லை, செட்டை மாற்றிக் கொடு" என்று நின்றார்கள். மேலே ஏறி கனெக்டரைக் கழற்றினேன், உள்ளிருந்து உப்புத் தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. கேபிளைக் கீறிப் பார்த்தால் ஒரு முழ நீளத்துக்குச் செம்பு கருத்துக் கிடந்தது. புதுச் செட்டுக்குக் கொடுக்க இருந்த பணம் மிச்சமாயிற்று. என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் பொருத்துகிறவர்கள் செய்யும் தவறுகளைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெரிய விசைப்படகுகளில் 24 வோல்ட் இருக்கும், செட் 12 வோல்ட். இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு பாட்டரி சீக்கிரம் செத்துப்போகும், நடுக்கடலில் எஞ்சினும் கிளம்பாது. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வையுங்கள். பியூஸை செட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், பாட்டரிக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் நடுவில் வயர் உரசித் தீப்பிடித்தால் யார் காப்பது? செட்டையும் அதன் ஸ்பீக்கரையும் திசைகாட்டியை ஒட்டி வைக்காதீர்கள். ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் முள்ளை இழுத்துவிடும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று மைக்கை அழுத்தவே கூடாது, உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும். கேபிள் தடிப்பாக இருக்கட்டும், நீளம் தேவைக்கு மேல் வேண்டாம், மிச்சத்தைச் சுருட்டி வீல்ஹவுஸில் தொங்கவிடாதீர்கள். கனெக்டரைச் சாதாரண இன்சுலேஷன் டேப்பால் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

இன்னொன்று. 50 வாட் செட் வாங்கினால் தூரம் இரட்டிப்பாகும் என்று வருகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பணத்தை ஆன்டெனாக் கம்பத்தில் போடுங்கள். இந்த அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. கடல் வளைவுக்குக் கீழே இறங்காது. 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் 9 கடல் மைல் அளவில் பேசிக்கொள்ளும். இரண்டும் 9 மீட்டருக்கு ஏற்றினால் 13 வரை போகும்.

ஃபைபர் படகு, திருச்செந்தூர் பக்கம்

அண்ணன் சொல்லும் அந்தக் கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால்!

நாங்கள் திருச்செந்தூர்க் கோபுரத்துக்கு நேர் கிழக்கே நின்றோம். இருட்டிய பிறகு கையில் பிடிக்கும் சிறிய செட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. படகு கவிழ்ந்துவிட்டது, நாலு பேர் ஓட்டின்மேல் இருக்கிறோம் என்றது. எங்கே என்று கேட்டோம். "எட்டு நாற்பது, எட்டு நாற்பது" என்று இரண்டு முறை சொன்னது. பிறகு பேச்சு வரவில்லை.

வட அட்சரேகை 8 டிகிரி 40 நிமிடம் என்றால் புன்னக்காயல் பக்கம். முழு வேகத்தில் வடக்கே ஓடினோம். விடியும்வரை தேடினோம், ஒரு பலகைகூட இல்லை. காலையில் மணப்பாடு படகு ஒன்று அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் தண்ணீருக்குள் போவதற்குமுன் கைப்பேசியில் பார்த்து மனதில் வைத்திருந்தது 8.40 டிகிரி. புள்ளிக்குப் பின்னால் வருவது நிமிடம் அல்ல. 0.40 டிகிரி என்பது 24 நிமிடம். 40-க்கும் 24-க்கும் 16 நிமிடம், அதாவது 16 கடல் மைல் வித்தியாசம். அவர்கள் எங்களுக்குத் தெற்கே 5 மைலில் இருந்தார்கள், நாங்கள் அவர்களை விட்டு விலகி 11 மைல் ஓடினோம்.

கரையில் அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் விளக்கு வடக்கே போவதைப் பார்த்தோம், தம்பி" என்றார்.

கைச்செட்டின் 5 வாட், தண்ணீர் மட்டத்திலிருந்து பேசுகிறவன் குரல், 11 மைல் தாண்டி அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கவே முடியாது. ஆள் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று அந்தக் குரலே சொல்லியது. எனக்குப் புரியவில்லை.

ஆசிரியை, தூத்தூர் பக்கம்

நான் கடலுக்குப் போனவள் அல்ல. எங்கள் வீட்டு மாடியில் ஆன்டெனாவும், கூடத்தில் செட்டும் இருக்கிறது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மின்சாரம் இல்லை, பாட்டரியில் செட் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன படகுகள் எங்கள் செட்டுக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. ஒரு படகு கேட்டதை இன்னொரு படகு சொல்லி, அதை மற்றொன்று சொல்லித்தான் எதுவும் வர வேண்டும்.

மாலையில் ஒரே ஒரு முறை ஒரு குரல் வந்தது. இரைச்சலுக்குள், "...மாதா, தண்ணீர் ஏறுகிறது" என்றது. அவ்வளவுதான். பொத்தானை அழுத்திய அதே நொடியில் பேசத் தொடங்கியிருக்கிறார், பெயரின் முதல் பாதி போய்விட்டது. எங்கள் கரையில் எத்தனை படகுகளின் பெயர் மாதா என்று முடியும்! கூடத்தில் இருந்த பெண்களில் ஆறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

என் மாணவர்கள் யாராவது கடலுக்குப் போகத் தொடங்கினால், கூப்பிட்டு இதை மட்டும் சொல்வேன். அழுத்து, மனதுக்குள் ஒன்று என்று எண்ணு, பிறகு படகின் பெயரை மூன்று முறை சொல்.

கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சென்னை

டீச்சர் சொன்னது சரி. 'மேடே' என்ற ஆபத்து அழைப்பையும் படகின் பெயரையும் மூன்று முறை சொல்லச் சொல்வது சடங்கு அல்ல, ஒரு முறை விழுங்கப்பட்டாலும் மறுமுறை எட்டட்டும் என்பதற்காகத்தான். ஆபத்தில் கூப்பிடுவதற்கான சேனல் 16-ஐ ஊர்ப்பேச்சுக்குப் பயன்படுத்தாதீர்கள். செபமாலைத் தம்பி எந்தச் சேனலில் இருந்தார் என்று எழுதவில்லை. 16-ஐ எல்லோரும் காலியாக விட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தால், ஒன்று அடைபட்டாலும் அங்கே கூப்பிடலாம். ஆபத்துக்கான சிவப்புப் பொத்தான் உள்ள செட் வைத்திருப்பவர்கள், 419 என்று தொடங்கும் ஒன்பது இலக்கப் படகு அடையாள எண்ணைப் பதிவு செய்து, ஜி.பி.எஸ். இணைப்பையும் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் எட்டு நாற்பதா, எட்டு இருபத்து நாலா என்ற குழப்பமே வராது, செட் தானே இடத்தை அனுப்பிவிடும். கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல் படையின் 1554-ஐ எழுதி வையுங்கள்.

நாகப்பட்டினத்துத் தம்பி, எலெக்ட்ரீஷியன் கேட்காத கேள்வி ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் செட்டில் 25 வாட்டிலிருந்து 1 வாட்டுக்கு மாற்றும் பொத்தான் இருந்திருக்குமே? 1 வாட்டில் செட் இழுக்கும் மின்சாரம் மிகவும் குறைவு. அந்த மெல்லிய வயரே தாங்கியிருக்கலாம். மைத்துனர் படகு பக்கத்தில் என்றால் 1 வாட் போதும்.

செபமாலை பற்றி எழுதியவன்

ஐயா, அது 16 அல்ல, எங்கள் ஊர்ப் படகுகள் எல்லாம் பேசும் சேனல். 16-க்கும் மாற்றிக் கூப்பிட்டோம். அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் எதுவும் எழுதவில்லை. பழைய வயரைத் தூக்கி எறியவில்லை, வலைக் கொட்டகையில் கிடந்தது. இன்று காலை அதையே செட்டில் இணைத்தேன். 25-இல் அழுத்தினேன், திரை அணைந்தது. 1-க்கு மாற்றி அழுத்தினேன்.

அணையவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மைத்துனர் எங்களுக்கு 3 மைலில் இருந்தார்.