கார் ஏசி கம்ப்ரசர் ஜாம்: முழு செட்டையும் மாற்றணுமா, செகண்ட்ஸ் போதுமா?

வெள்ளைக்கோடு
2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.4 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. ஏசி போட்டதும் பெல்ட் கிறீச்சிட்டுப் புகைகிறது, எஞ்சின் திணறுகிறது. அணைத்துவிட்டால் ஒன்றுமில்லை. கம்ப்ரசர் (காஸை அழுத்துகிற பம்ப்), கண்டென்சர் (சூட்டை வெளியேற்றுவது), எக்ஸ்பான்ஷன் வால்வ் (காஸை அளந்து விடுவது), டிரையர் (ஈரத்தை உறிஞ்சுவது) நாலையும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். எஸ்டிமேட், வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு. செகண்ட்ஸ் கம்ப்ரசர் மாட்டிக் காஸ் அடித்தால் ஆகாதா?

புதுப்பேட்டை பாஸ்
தாராளமா ஆகும் சார். இன்னும் மூணு வருஷம் ஓடப்போற வண்டிக்குப் பத்து வருஷ ஏசி எதுக்கு? செகண்ட்ஸ்ல பார்த்து எடுக்கணும், அவ்வளவுதான். கிளட்ச் முன் தட்டைக் (புல்லிக்கு முன்னால இருக்கிற வட்டத்தட்டு) கையால சுத்துங்க. சொரசொரப்பு இல்லாம, லேசா எதிர்த்து எதிர்த்துச் சுத்தணும். டிஸ்சார்ஜ் (காஸ் வெளியேறுற) ஓட்டையில கட்டைவிரலை வச்சா காத்து தள்ளணும். கவிழ்த்து எண்ணெயை வெள்ளைத்தாள்ல விடுங்க. தெளிவா இருந்தா எடுக்கலாம், வெள்ளி மினுமினுப்பு இருந்தா அங்கேயே வச்சிட்டு வந்துடுங்க. இரண்டு ஓட்டையும் மூடாம வெயில்ல கிடக்கிற பீஸ் எந்த விலைக்கும் வேணாம்.

கேஜ்மணி
பாஸ் சொன்ன சோதனைகள் சரி, முடிவு தப்பு. ஜாம் ஆன கம்ப்ரசர் தனியாகச் சாகாது. உள்ளே தேய்ந்த அலுமினியத் தூளும் பிஸ்டன் பூச்சும் எண்ணெயோடு குழைந்து கறுப்புச் சேறாகி, முதலில் போய்ச் சேரும் இடம் கண்டென்சர். மாட்டுகிற கம்ப்ரசர் புதிதோ பழையதோ, மிச்சமுள்ள தூள் சுற்றிவந்து அதையும் தின்னும். அப்புறம் காஸ், கூலி எல்லாம் இன்னொரு தடவை.

ஷிம்பிளேட்
இரண்டு பேரும் சண்டையைத் தொடங்குவதற்குள் ஒன்று. ஜாம்தானா என்று யார் பார்த்தது? எஞ்சினை அணைத்துவிட்டு கிளட்ச் முன் தட்டைக் கையால் திருப்புங்கள். சுற்றவே இல்லை என்றால் உள் ஜாம். சுற்றுகிறது, ஆனால் ஏசி அணைந்திருக்கும்போதும் புல்லி உறுமுகிறது என்றால் போனது பேரிங் மட்டும், கம்ப்ரசர் நல்லது. ஏசி போட்டு அரை மணி நேரத்தில் கிளட்ச் விட்டுவிடுகிறது, ஆறினால் பிடிக்கிறது என்றால் முன் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி கூடிவிட்டது. ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் தகடு) விட்டுப் பாருங்கள்: பெரும்பாலான வண்டிகளில் 0.35 முதல் 0.6 மி.மீ. வரை இருக்கணும். கூடியிருந்தால் உள்ளே இருக்கிற ஒரு ஷிம்மை (மெல்லிய வளையத் தகடு) எடுத்தாலே தீரும், காஸைத் தொடவே வேண்டாம். கிளட்சின் மின்சாரக் காயில் 3 முதல் 4 ஓம் வரை காட்டணும். பேரிங், இடைவெளி என்ற இந்த இரண்டு கோளாறுக்கும் முழு கம்ப்ரசரை மாற்றுகிற கடைகள் நிறைய.

வெள்ளைக்கோடு
முன் தட்டு அசையவே இல்லை. சக்ஷன் ஹோஸைக் கழற்றிப் பார்த்தாச்சு: எண்ணெய் கறுப்பு, விரலில் தேய்த்தால் மினுங்குது.

கேஜ்மணி
பேச்சு முடிந்தது. கண்டென்சர் கட்டாயம்.

புதுப்பேட்டை பாஸ்
எதுக்குக் கட்டாயம்? ஃப்ளஷ் திரவம் விட்டு நைட்ரஜன்ல ஊதினா சுத்தமாயிடும். வெளிய வர்ற திரவம் வெள்ளைத்துணியில கறை விடாத வரைக்கும் திரும்பத் திரும்ப விடணும். பொறுமையா செஞ்சா கண்டென்சர் காசு மிச்சம்.

கேஜ்மணி
பழைய வளைகுழாய் கண்டென்சருக்கு அது சரி. குழாய் ஒற்றை வழி, விட்டது எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வரும். உங்கள் வண்டியில் இருப்பது பேரலல் ஃப்ளோ. தட்டையான பல குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மி.மீ. அளவில் நுண்துளைகள். நாலு அடைத்திருந்தால் திரவம் திறந்திருக்கிற மற்ற துளைகள் வழியாகப் போய்விடும். துணியில் கறை வராது, அடைப்பு அப்படியே இருக்கும். ஹோஸ்களையும் கேபின் காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயிலையும் ஃப்ளஷ் செய்யலாம், ஆனால் எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றிவிட்டு. பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள். கடையில் டயருக்கு அடிக்கிற காற்றும் வேண்டாம், அதில் ஈரம் வரும். பல வண்டிகளில் டிரையர் கண்டென்சரின் ஓரத்திலேயே பொதிந்திருக்கும், புது கண்டென்சர் வாங்கினால் அதுவும் கூடவே வந்துவிடும்.

ஷிம்பிளேட்
இதில் நான் மணி பக்கம். ஆனால் கம்ப்ரசர் புதிதாகத்தான் இருக்கணும் என்பதில் இல்லை. பணம் குறைவு என்றால் கண்டென்சர், டிரையர், வால்வ், ஓ-ரிங் (இணைப்புகளின் ரப்பர் வளையம்) புதுசு, கம்ப்ரசர் மட்டும் நல்ல செகண்ட்ஸ். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்: புது கம்ப்ரசரை வாங்கி அழுக்கு கண்டென்சரோடு கோர்த்துவிட்டு, கம்ப்ரசர் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

கேஜ்மணி
செகண்ட்ஸில் ஷாஃப்ட் சீல் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுப்பது) எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வெகுநாள் சுற்றாமல் கிடந்தால் சீல் காய்ந்துவிடும், கிளட்ச் பின்னால் எண்ணெய் கசியும். காஸ் மெல்ல இறங்கும், காஸ் குறைந்தால் எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பாது, மறுபடி ஜாம்.

புதுப்பேட்டை பாஸ்
சீல் கிட் மாத்தலாமே சார். சாண்டன் எஸ்டி மாதிரி கம்ப்ரசருக்கெல்லாம் தனியா கிடைக்குது. கண்டென்சர் விஷயத்தை ஒத்துக்கிறேன், இதுல விடமாட்டேன்.

ஷிம்பிளேட்
இதெல்லாம் இருக்கட்டும், ஏன் ஜாம் ஆச்சு? காஸ் கசிவா, கண்டென்சர் ஃபேனா? ஃபேன் ஓடாமல் சிக்னலில் நின்றால் ஹை சைடு (கம்ப்ரசர் அழுத்தித் தள்ளுகிற பக்கம்) 350 பிஎஸ்ஐ தாண்டும். பிரஷர் சுவிட்ச் காப்பாற்றணும். பல வண்டிகளில் அது 3.14 மெகாபாஸ்கலில், அதாவது 455 பிஎஸ்ஐ அருகில் கிளட்ச்சை வெட்டும்; அழுத்தம் இறங்கினால் 0.2 மெகாபாஸ்கல் அளவில் வெட்டும். காஸ் குறைந்து கிளட்ச் பிடிக்காதபோது யாராவது அந்த சுவிட்சுக்கு ஒயர் ஷார்ட் போட்டிருந்தால், எண்ணெய் இல்லாமல் ஓடியே செத்திருக்கும். சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். ஷார்ட் ஒயரையும் ஃபேனையும் சரிசெய்யாமல் எந்தக் கம்ப்ரசரும் நிற்காது.

வெள்ளைக்கோடு
ஃபேன் ஸ்லோ ஸ்பீடில் சுற்றலை, ஹையில் மட்டும் சுற்றுது. மாட்டும்போது எதைக் கவனிக்கணும்?

கேஜ்மணி
ஸ்லோவுக்கான ரெசிஸ்டரோ ரிலேவோ போயிருக்கும், முதலில் அது. அப்புறம் எண்ணெய். புது கம்ப்ரசர் பெரும்பாலும் முழு சிஸ்டத்துக்கான எண்ணெயோடு வரும். நீங்கள் மொத்தமும் கழுவுவதால் அப்படியே விடலாம். கழுவாமல் மாட்டுகிறவர் பழையதிலிருந்து வடிகிற அளவைப் பார்த்து, மிகுதியை வடித்துவிட்டு மாட்டணும். கூடினாலும் கூலிங் குறையும். செகண்ட்ஸ் என்றால் முழுக்க வடித்துவிட்டு, லேபிளில் உள்ள எண்ணெய் மட்டும்: டென்சோ கம்பெனிக் கம்ப்ரசர் என்றால் என்டி-8, சாண்டனில் எஸ்பி-10 அல்லது எஸ்பி-20. டிரையரின் மூடியைக் கடைசியில்தான் கழற்றணும். ஓ-ரிங்கில் எண்ணெய் தடவி மாட்டுங்கள். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரையில் லீக் பாருங்கள். வாக்யூம் 45 நிமிஷம், பம்பை நிறுத்திவிட்டு 15 நிமிஷம் கேஜ் முள் அசையாமல் நிற்கணும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் முன் தட்டைக் கையால் பத்துச் சுற்றாவது சுற்றுங்கள். சிலிண்டரில் தேங்கிய எண்ணெய் கம்ப்ரசரின் உள் வால்வை உடைக்காமல் இருக்கும்.

புதுப்பேட்டை பாஸ்
காஸைக் கேஜ் பார்த்து அடிச்சா போதும். லோ சைடு 30, ஹை சைடு 220 பிஎஸ்ஐ வந்தா சரி.

கேஜ்மணி
வெயிலுக்கு வெயில் அது மாறும். பானெட் ஸ்டிக்கரில் கிராம் போட்டிருக்கும், தராசில் வைத்து அடிப்பதுதான் முறை. கேஜ் சரிபார்க்க மட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 30 டிகிரிக்கு இரண்டு முள்ளும் 97 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும். ஆனால் 200 கிராம் இருந்தாலும் அதுதான், 450 இருந்தாலும் அதுதான்.

ஷிம்பிளேட்
டின்னில் ஆர்134ஏ (கார் ஏசி காஸ்) என்று எழுதியிருக்கிறது என்பதற்காகச் சல்லிசாகக் கிடைப்பதை வாங்க வேண்டாம். குளோரோமீத்தேன் கலந்த போலிக் காஸ் அலுமினியத்தோடு வினைபுரியும், காற்றுப் பட்டால் தானாகத் தீப்பிடிக்கிற பொருள் உள்ளே உண்டாகும். 2011-ல் கப்பல் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் செத்தது இதனால்தான். எல்பிஜி கலவையும் கூடாது, கூலிங் காயில் கசிந்தால் அது நேராகக் கேபினுக்குள் வரும்.

வெள்ளைக்கோடு
ஃபேன் ரெசிஸ்டர், கண்டென்சர், வால்வ், ஓ-ரிங் புதுசு என்று சொல்லியாச்சு. கம்ப்ரசர் செகண்ட்ஸ்தான், மணி சார் மன்னிக்கணும். சீல் கிட்டோடு ஞாயிறு மாட்டுகிறார்கள். தராசு இருக்கிற கடையா என்று கேட்டபிறகுதான் நேரம் வாங்கினேன்.