பழைய கார்ல கம்பெனி போட்ட ரேடியோ செட்டை மாத்தினப்ப என்ன நடந்துச்சு? உங்க அனுபவம் சொல்லுங்க

வியாசை_வண்டி:
மாருதி எஸ்டீம், 2003. அப்பா ஓட்டினது, இப்ப என்கிட்ட. கேசட் டெக் டேப்பை முழுங்க ஆரம்பிச்சுடுச்சு, புளூடூத்தும் வேணும்னு மின்ட் பக்கம் ஒரு கடையில விட்டேன். டேஷ்போர்டைப் பிரிச்ச வரைக்கும் பையன் பதமாத்தான் பிரிச்சான். அப்புறம் செட்டுக்குப் பின்னாடி இருந்த வயர் கொத்தைப் பிடிச்சான், பக்கத்து கடைக்காரன்கிட்ட நேத்து மேட்ச் பத்திப் பேசிக்கிட்டே கட்டிங் பிளேயரை வெச்சு ஒரே அழுத்து. வயரெல்லாம் சேர்ற பிளக், அதான் கப்ளர், தனியா கீழ விழுந்துச்சு. "தம்பி, அது ஒரிஜினல் கப்ளர்பா"ன்னு கத்தறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. "அதெல்லாம் வேலைக்கு ஆவாது சார், டைரக்டா குடுத்துட்றேன்"னு காலாலயே ஓரமா தள்ளிவிட்டான். ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள், சிவப்பு, கறுப்புன்னு அறுந்து நிக்குது. அத்தனை வருஷமா ஒருத்தனும் கை வைக்காத வயரிங். பழைய கப்ளரையும் புது செட்டையும் இணைக்கிற கன்வெர்ட்டர் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, ஒரு வயரைக்கூட வெட்டாம சொருகலாம்.

செட்டு நல்லாத்தான் பாடுது. ஆனா அந்த 'சக்' சத்தம் இன்னும் காதுல இருக்கு. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

டோல்கேட்_பழசு:
வயரை வெட்டினதாவது பரவால்ல பாஸ். எங்க வண்டியில பழைய செட்டு ஏஎம், எஃப்எம் ரெண்டும் எடுக்கும். புதுசா ஒன்பது இஞ்ச் டச் ஸ்கிரீன் போட்டோம். மறுநாள் காலையில அப்பா வழக்கம்போல முன் சீட்ல உக்காந்து மாநிலச் செய்தி வெக்கப் பார்த்தார். ஏஎம்ல 720 கிலோஹெர்ட்ஸ்ல சென்னை வானொலி கேட்டே பழகினவர். குமிழைத் தேடினார், குமிழே கிடையாது. ஸ்கிரீனைத் தடவினார், மேப் வந்துச்சு, திரும்பத் தடவினார், யாரோ ஒருத்தனோட சமையல் வீடியோ ஓடுச்சு. "நியூஸ் எங்கடா?"ன்னார். அந்த செட்டுல ஏஎம்மே இல்ல. கடையில ஒருத்தனும் சொல்லல. எஃப்எம்ல வேணா நியூஸ் வரும்பான்னேன், பதிலே பேசல. தேரடி தாண்டுற வரைக்கும் அந்த சமையல் வீடியோவைத்தான் பார்த்துட்டு வந்தார்.

ராயபுரம்_85:
மாமாவோட அம்பாசடர். பின் சீட்டுக்கு மேல ஒத்த ஸ்பீக்கர். புது செட்டு போட்டு ஆன் பண்ணதும் 'டக்'. டிஸ்பிளேல 'புரொடெக்ட்'னு வந்து நின்னுடுச்சு. கடைக்காரர் செட்டுலதான் கோளாறுன்னு சொல்லி வேற ஒண்ணு மாத்தினார். அதுலயும் அதே 'டக்'. மாமா கோவத்துல வண்டியை வீட்டுக்கே எடுத்துட்டு வந்துட்டார்.

காசிமேட்டுல லாஞ்சுக்கு வயரிங் பண்ற பெரியவர் ஒருத்தர் எங்க தெருவுலதான் இருக்கார். கூப்பிட்டோம். செட்டு பக்கமே போகல மனுஷன். நேரா பின்னாடி பலகையைத் தூக்கி, துருப்பிடிச்ச ஒரு ஸ்க்ரூவைக் காட்டினார். ஸ்பீக்கரோட ஒரு வயர் அங்க பாடியில முடுக்கியிருந்துச்சு. அந்தக் காலத்து ரேடியோவுக்கு ஒரு வயர் போதும், இன்னொண்ணு பாடி எர்த். "தம்பி, இப்ப வர்ற செட்டுக்கு ரெண்டு வயருமே உசுரு. பாடியில தொட்டா மூச்சு நின்னுடும்"னார். ஸ்பீக்கர்ல இருந்து செட்டு வரைக்கும் தனியா ரெண்டு வயர் இழுத்தார், பாடிடுச்சு. காசு வாங்கல, டீ மட்டும் குடிச்சார். ரெண்டு செட்டைப் பிரிச்சவங்க கண்ணுல அந்த ஸ்க்ரூ எப்படிப் படாம போச்சுன்னு எனக்கு இன்னும் விளங்கல.

பெரம்பூர்_லோகோ:
எல்லாரும் செட்டு செட்டுன்னு ஓடுறீங்க, அதான் பிரச்சினையே. என் சான்ட்ரோவுல செட்டைத் தொடவே இல்ல. டோர் உள்பக்க பேடைக் கழட்டி ஸ்பீக்கர்ல விரல் வெச்சேன், சுத்தி இருந்த ஃபோம் வளையம் அப்படியே பொடிப்பொடியா கையோட வந்துடுச்சு. ஸ்பீக்கரை மட்டும் மாத்தினேன், அதே பழைய செட்டு ஜம்முனு பாடுது.

வியாசை, உங்களுக்கு ஒண்ணு. ஜாயின்ட்டை இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருந்தா உடனே பிரிங்க. நம்ம வெயிலுக்குப் பசை உருகி வழியும், அப்புறம் ஷார்ட்தான். சால்டர் வெச்சு, சூடு காட்டினா இறுகிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்க. மஞ்சள் எப்பவும் பேட்டரி, சிவப்பு சாவி போட்டா வர்றது, கறுப்பு எர்த். அப்புறம் டப்பாவுல '50 வாட் x 4'ன்னு போட்டிருப்பான், நம்பாதீங்க. வண்டி ஓடும்போது 14.4 வோல்ட்னு வைங்க, ஸ்பீக்கர் 4 ஓம்ஸ். கணக்குப் போட்டா ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, பிசிறில்லாம 26 வாட்டைத் தாண்டவே தாண்டாது. செட்டுக்குப் பின்னாடி பெரும்பாலும் 10 ஆம்ப் ஃப்யூஸ்தான் இருக்கும், 10ஐ 14.4ஆல பெருக்குங்க, 144 வாட். 144 உள்ள போயி 200 எப்படிய்யா வெளிய வரும்? தனியா ஆம்ப்ளிஃபையர் போடுறவங்க அதோட ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்துலயே போடுங்க, ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல போட்டா நடுவுல வயர் உரசினா காப்பாத்த ஆள் இல்ல. பவர் கேபிள் ஒரு பக்கம், ஆடியோ கேபிள் மறுபக்கம். சேர்த்துக் கட்டினா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ய்ய்'னு கூடவே பாடும். டோருக்கு அதிர்வை அடக்குற டேம்பிங் ஷீட் கண்டிப்பா ஒட்டணும், அது இல்லாம எந்த ஸ்பீக்கர் போட்டாலும் தண்டம்.

வியாசை_வண்டி:
ஜி, நான் கேட்டது அனுபவம். டியூஷன் இல்ல. (டேப்தான் சுத்தியிருக்கான். இப்பதான் போய்ப் பார்த்தேன்.)

எண்ணூர்_உப்புக்காத்து:
கலர் ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்றதை நம்பாதீங்க. பெரம்பூர் சொல்றது புது செட்டோட வர்ற வயர் கலர். வண்டிப் பக்க கலர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், டொயோட்டாவுல சாவி வயர் சாம்பல் கலர். என்னோடது ஓப்பல் கோர்சா. சாவியை எடுத்தா போதும், ஸ்டேஷன், டைம் எல்லாம் அழிஞ்சுடும். மணலி சிக்னல்ல கன்டெய்னருக்குப் பின்னாடி நின்னு வண்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா, மணி 12:00, பாட்டு ஃபுல் சத்தத்துல ஹிந்தியில. ஓப்பல், ஃபோக்ஸ்வாகன் மாதிரி சில வண்டிங்கள்ல கப்ளர்ல 4ஆம் பின்னும் 7ஆம் பின்னும் (பேட்டரி லைன், சாவி லைன்) இடம் மாறி வரும். புது செட்டு வயர்ல மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவுல சின்ன புல்லட் ஜாயின்ட் குடுத்திருப்பான், அது இதுக்குத்தான். கழட்டி மாத்திச் சொருகினேன், சரியாயிடுச்சு.

பெரம்பூர்_லோகோ:
நானும் செட்டு வயரைத்தான் சொன்னேன். படிச்சுட்டுப் பேசுங்க.

கொளத்தூர்_மீன்தொட்டி:
பெரம்பூர் ஜி, டோரைப் பிரி, ஷீட் ஒட்டுன்னு சொல்றீங்களே, பிரிக்கும்போது என்ன போகுதுன்னு சொல்லுங்க. பேடுக்குப் பின்னாடி ஒரு பாலிதீன் ஷீட் கறுப்புப் பசையில ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியா உள்ள இறங்குற மழைத்தண்ணி டோருக்குக் கீழ இருக்கிற ஓட்டை வழியா வெளிய போறதுக்கு அதுதான் காவல். என் வண்டியில ஸ்பீக்கர் மாத்தினவர் அதை வழிச்சு எடுத்துக் கசக்கிப் போட்டுட்டார். எனக்குத் தெரியாது.

நவம்பர் மழை. கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்குதுன்னு சுத்திக்கிட்டு வந்தோம். அத்தை முன்னாடி உக்காந்திருந்தாங்க, கல்யாண வீட்டுக்குப் போற பட்டுப்புடவை. "டேய், உன் ரேடியோ எச்சி துப்புதுடா"ன்னாங்க. ஸ்பீக்கர் ஜாலி வழியா சொட்டு சொட்டா அவங்க கால் மேல. பாட்டு வேற நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு.

மறுநாள் கடையில போய்க் கேட்டேன். அவர் டோரைத் திறந்து, வால்யூமை ஏத்திக் கேட்டுட்டு, "சார், ஸ்பீக்கர் பாடுதுல்ல?"ன்னார்.