கார் டேப் பில்லில் ஆர்டிஏ வரி: எதிர்க்கிறவங்க சொல்றது என்ன?

புதுக்குடித்தனம்:
டெக்சாஸிலிருந்து வாஷிங்டன் மாநிலத்துல சியாட்டில் பக்கம் இருக்கற ப்யூவாலப் வந்து எட்டு மாசம் ஆச்சு. கார் டேப், அதாவது வண்டிப் பதிவைப் புதுப்பிக்கற ரினியூவல் நோட்டீஸில் ஆர்டிஏ வரிதான் பெரிய தொகை. இந்தப் பக்கத்து ரயிலை நடத்தற சவுண்ட் டிரான்சிட்டுக்காம். எங்க தெருப் பக்கம் பஸ்கூட வராது. இதை யாரும் எதிர்க்கலையா?

பள்ளத்தாக்கு ஷிப்ட்:
எதிர்த்தோம் தம்பி. 2016 நவம்பர்ல எஸ்டி3ங்கற ரயில் விரிவாக்கத் திட்டம், அதுக்கான வரியோட ஓட்டுக்கு வந்தப்ப நம்ம பியர்ஸ் கவுண்டி வேண்டாம்னுதான் சொல்லுச்சு. கிங், ஸ்னோஹோமிஷ் கவுண்டிகளையும் சேர்த்து எண்ணினதுல சுமார் 54 சதவீதத்துல பாஸாயிடுச்சு. எனக்கு அப்ப கிரீன் கார்டுகூட இல்ல. ஓட்டு கிடையாது, வரி உண்டு.

திட்டம் 54 பில்லியன் டாலர். விற்பனை வரி அரை சதவீதம் ஏறுச்சு, சொத்து வரி ஆயிரம் டாலருக்கு 25 சென்ட். கார் வரி 0.3லிருந்து 1.1 சதவீதம், அதாவது பத்தாயிரம் மதிப்புக்கு 110 டாலர். எனக்கு வயிறு எரியறது அந்த "மதிப்பு"லதான். வண்டியோட சந்தை விலையைப் பார்க்கறதில்ல. புதுசா இருந்தப்போ கம்பெனி போட்ட விலையில ஆரம்பிச்சு, தொண்ணூறுகள்ல எழுதின தேய்மான அட்டவணைப்படி கழிக்கறாங்க. வண்டி நிஜத்துல விலை இறங்கற வேகம் அதுல இல்ல. நான் பழசா வாங்கின டொயோட்டா சியன்னா வேனுக்கு, கொடுத்த விலையைவிடக் கூடுதலா மதிப்புப் போட்டு பில் வருது.

கென்ட் குடோன்ல காலை 5 மணிக்கு எனக்கு ஷிப்ட். 4:10க்கு இருட்டுல, மழையில கிளம்பணும். அந்த நேரத்துக்கு நான் இருக்கற சவுத் ஹில்லிலிருந்து எனக்கு பஸ் இல்ல. வண்டி இல்லாம வேலைக்கே போக முடியாதவன் தலையில, வண்டியை வச்சே வரி.

நம்ம கவுண்டியில டகோமா டோம் வரைக்கும் ரயில் 2030ல வரும்னாங்க. இப்ப 2035.

லின்வுட் அக்கா:
ஒண்ணு சொல்லணும். ஒவ்வொரு பகுதியில வசூலாகறதை அந்தப் பகுதிக்கே செலவழிக்கணும்கறது சவுண்ட் டிரான்சிட்டோட விதி. உங்க பணத்துல எங்க ஸ்டேஷன் கட்டலை. 2024 ஆகஸ்ட்ல எங்க ஊருக்கு ரயில் வந்ததிலிருந்து ஐ-5 நெடுஞ்சாலை நெரிசல்ல நான் உட்காரறதில்ல.

பள்ளத்தாக்கு ஷிப்ட்:
சரிதான் அக்கா, அந்த விதி உண்டு. ரயிலே வேண்டாம்னு நான் சொல்லலை. டேப் கட்டணத்தை 30 டாலராக் குறைக்கணும்னு 2019ல ஐ-976ங்கற மக்கள் முன்மொழிவு ஓட்டுக்கு வந்தப்பகூட எனக்குப் பிடிக்கல, அது ஊர் பஸ் காசுலயும் கை வச்சுது. மாநிலம் முழுக்க ஜெயிச்சும் 2020ல மாநில சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னுடுச்சு. ஆனா புது வண்டி வாங்கற வசதி இல்லாதவன்கிட்ட, இல்லாத மதிப்புக்கு வரி வாங்கக் கூடாது. அந்தத் தேய்மான அட்டவணையை மாத்தறது 2028லதான். பத்து வருஷத்துக்கு மேல வாங்கினதை யார் திருப்பித் தருவா? அடுத்த தடவை வரி கேட்டு வந்தா, விடிகாலை பஸ்ஸை முதல்ல ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் யோசிக்கறேன். இப்ப எனக்கு ஓட்டு இருக்கு.

தம்பி, கெடு தாண்டாம கட்டிடுங்க. ஸ்டிக்கர் வந்ததும் பிளேட்ல இருக்கற பழசைச் சுரண்டித் துடைச்சுட்டு ஒட்டுங்க. மேலயே ஒட்டினா நம்ம ஊர் மழையில உரிஞ்சு வந்துடும்.