களுதாவளைக் குடும்பம்: சின்னவனின் கிளினிக்

நான்: இன்றைக்கு மிட்வைஃப் அக்கா வந்து பார்த்தா. சின்னவனுக்கு ரெண்டே கால் வயது, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, விரல் நீட்டி ஒன்றையும் காட்டுவதில்லை. எம்.ஓ.எச். (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டரிடம் காட்டச் சொல்லித் துண்டு தந்திருக்கிறா.

மாமி: ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும் புள்ள. இவன்ட அப்பாவும் மூன்று வயது வரைக்கும் வாய் திறக்கவில்லை. பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன்.

சின்னக்கா (நேர்ஸ்): நேர்த்தி இருக்கட்டும் மாமி. பிந்திக் கதைக்கிற பிள்ளை கையாலாவது காட்டும், முகத்தைப் பார்க்கும். இவன் "பால்", "வா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது அதுவும் இல்லை. வந்த சொல் போய்விட்டால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது.

பெரியப்பா: இந்த ஓட்டிசம் தடுப்பூசியால்தான் வருகிறதாம். ஒருவர் அனுப்பியது, குழுவில் மேலே போட்டிருக்கிறேன்.

சின்னக்கா (நேர்ஸ்): அதை அழித்துவிடுங்கள் பெரியப்பா. அம்மை ஊசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது 1998இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை. 2010இல் லான்செட்டே அதை மீளப்பெற்றது, எழுதிய டொக்டரின் பதிவும் அதே வருடம் பறிபோனது. இவனுக்கு மூன்று வயது ஊசி இன்னும் போட இருக்கிறது.

பெரியப்பா: சரி சரி, அழித்தாயிற்று.

அண்ணா (கட்டார்): நேரே கொழும்புப் பக்கம் ராகமைக்குக் கொண்டு போங்கள். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு ஒரு நிலையம் இருக்கிறது. காசு நான் அனுப்புகிறேன்.

சின்னக்கா (நேர்ஸ்): தேவைப்பட்டால் போவோம் அண்ணா. ஆனால் ஸ்பீச் தெரபிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், ராகமைக்கு யார் கொண்டு திரிவது? முதலில் எம்.ஓ.எச்., மறுகா பெரியாஸ்பத்திரியில் சின்னப்பிள்ளை டொக்டர். ஓட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க 20 கேள்வியுள்ள எம்-சாட் படிவம் ஒன்று இருக்கிறது, 16 மாதம் தொடக்கம் 30 மாதம் வரைக்கும்தான் அது பொருந்தும். கேட்டு நிரப்புங்கள். அதில் புள்ளி கூடினால் மேலும் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம், ஓட்டிசம் என்ற முடிவு இல்லை. டொக்டர் இன்னதுதான் என்று ஒரு பெயர் எழுதும் வரைக்கும் தெரபியைத் தள்ளிப் போடவும் தேவையில்லை.

நான்: காது டெஸ்ட் கட்டாயமா? டிவி சத்தத்துக்கு ஓடி வருகிறானே.

சின்னக்கா (நேர்ஸ்): கட்டாயம். சில சத்தம் மட்டும் கேட்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

நான்: போன மாதம் காசு கட்டிக் காட்டிய இடத்தில் எழுதியதை அவர்களே வைத்துக்கொண்டார்கள். திரும்ப ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

சின்னக்கா (நேர்ஸ்): அதனால் ஒரே ஃபைல். குழந்தை வளர்ச்சிக் கொப்பி, துண்டுகள், எந்த மாதம் உட்கார்ந்தான், நடந்தான், எப்போது சொல் நின்றது எல்லாம் அதற்குள். சாப்பிடும்போதும் விளையாடும்போதும் ரெண்டு நிமிட வீடியோ எடுத்து வை. அங்கே போய் அழுதால் டொக்டர் அழுகையை மட்டும்தான் பார்ப்பார். அதையெல்லாம் இந்தக் குழுவில் போடாதே, எனக்குத் தனியாக அனுப்பு.

வீட்டுக்காரர்: டெஸ்ட்டையும் கிளினிக்கையும் ஒரே நாளில் முடிக்க முடியாதா? வெற்றிலை எடுக்கிற நேரம்.

சின்னக்கா (நேர்ஸ்): வேண்டாம். சின்னப் பிள்ளைக்குச் சில காது டெஸ்ட் தூக்கத்தில்தான் செய்வார்கள். களைத்த பிள்ளையை மறுகா கிளினிக்கில் இருத்தினால் ஒன்றும் செய்து காட்டாது.

அப்பா: தோட்டத்தை நான் பார்க்கிறேன், நீங்கள் போங்கள்.

மாமி: தூங்க வைக்க வேண்டுமென்றால் நானும் வருகிறேன். என் மடியில்தான் தூங்குவான்.

நான்: வாங்க மாமி. அன்றைக்கு விடியவே எழுப்பிவிட வேண்டும், பஸ்ஸில் தூங்கவும் விடக் கூடாது.

வீட்டுக்காரர்: அப்போ பஸ் வேண்டாம், ஓட்டோ பிடிக்கிறேன்.