மரடோனா வாய் திறந்தார், மெஸ்ஸி திறப்பதில்லை: யார் செய்தது சரி?

நீலவெள்ளை (இழையைத் தொடங்கியவர்)

ஆட்டத்தில் யார் பெரியவர் என்ற பஞ்சாயத்தை இங்கே கொண்டுவராதீர்கள், அதற்கு ஏகப்பட்ட இழைகள் கிடக்கின்றன. நான் கேட்பது மைதானத்துக்கு வெளியே, அரசியலில் வாய் திறப்பதைப் பற்றி.

மரடோனாவின் வலது தோளில் சே குவேரா பச்சை, இடது காலில் ஃபிடல் காஸ்ட்ரோ. 2005 நவம்பரில் உச்சி மாநாட்டுக்காக அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவுக்கு வந்தார். மரடோனா எதிர்ப்பாளர்களோடு புவெனஸ் அயர்ஸிலிருந்து ரயிலேறிப் போய், வெனிசுவேலா அதிபர் சாவேஸ் பேசிய கூட்டத்தில் போய் நின்றார். வில்லா ஃபியோரிட்டோ சேரியில் வளர்ந்தவன் என்பதை நேப்பிள்ஸில் பணம் கொட்டிய காலத்திலும் அவர் மறைத்ததில்லை.

மெஸ்ஸி? 2023-இல் அர்ஜென்டினாவின் பணவீக்கம் 200 சதவீதத்தைத் தாண்டியது. சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு ஓடினார்கள் ஜனங்கள். உலகத்திலேயே அதிகம் பேர் காது கொடுத்துக் கேட்கும் அர்ஜென்டினாக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைப் பணிவு என்று நம் ஆட்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு இது கோழைத்தனமாகத்தான் தெரிகிறது.

ஆஃப்சைட்

நீலவெள்ளை, பணவீக்கத்துக்கு மெஸ்ஸி என்ன செய்ய வேண்டும்? வட்டி விகிதத்தைப் பற்றிப் பேட்டி கொடுக்க வேண்டுமா?

பதின்மூன்று வயதில் ஹார்மோன் சிகிச்சைக்கு வழியில்லாமல் ஊரை விட்டு பார்சிலோனா போன பையன் அவர். தெரிந்த வேலையைச் செய்தார், மற்றவர்களை விட நன்றாகச் செய்தார். 2010 முதல் யுனிசெஃப் தூதராகவும் இருக்கிறார். இதற்கு மேல் கடமை என்று யார் எழுதி வைத்தது?

மரடோனா பேசினார் என்கிறீர்களே, என்ன பேசினார் என்று வரிசையாகப் பாருங்கள். 1990-இல் அதிபர் மெனெம் அவருக்கு விளையாட்டுத் தூதர் பதவி கொடுத்தார், வாங்கிக்கொண்டார். அரசு நிறுவனங்களை வரிசையாகத் தனியாருக்கு விற்றவர் அந்த மெனெம். அப்புறம் காஸ்ட்ரோ. அப்புறம் சாவேஸ். 2018-இல் வெனிசுவேலா ஜனங்கள் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் எல்லை தாண்டிக்கொண்டிருந்தபோது, அதிபர் மதுரோவின் தேர்தல் மேடையில் ஏறி ஆடினார். இதில் கொள்கை எங்கே இருக்கிறது? யார் கட்டிப்பிடித்தார்களோ அவர்கள் பக்கம் நின்றார், அவ்வளவுதான்.

பழைய ரேடியோ

ரெண்டு தம்பிகளும் 1979-ஐ விட்டுவிட்டீர்கள். அதைச் சொல்லாமல் இந்த விவாதம் நகராது.

1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிடித்துப் போய்க் காணாமலாக்கியவர்கள் 30,000 பேர் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. 1979 செப்டம்பரில், அந்தப் புகார்களை விசாரிக்க அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் புவெனஸ் அயர்ஸுக்கு வந்தது. காணாமல் போனவர்களின் அம்மாக்களும் மனைவிமாரும் புகார் கொடுக்க மாயோ அவென்யூவில் நீண்ட வரிசையில் நின்றார்கள். அதே நாட்களில் ஜப்பானில் இளையோர் உலகக் கோப்பை. செப்டம்பர் 7-ஆம் தேதி இறுதியாட்டத்தில் சோவியத் யூனியனை 3-1 என்று அடித்துக் கோப்பையை வாங்கியது அர்ஜென்டினா. கேப்டன் 18 வயது மரடோனா.

ஹோசே மரியா முன்யோஸ் என்று ஒரு வானொலி வர்ணனையாளர். அந்த ஊரில் அவர் குரலுக்கு அப்படி ஒரு மவுசு. தெருவுக்கு வாருங்கள், ஆணையத்துக்காரர்களுக்கு உண்மையான அர்ஜென்டினாவைக் காட்டுங்கள் என்று மைக்கில் கூப்பிட்டார். கூட்டம் கொடியோடு ஆடிப்பாடி அந்த வரிசையைக் கடந்து போனது. பிறகு சர்வாதிகாரி விதேலா அந்த அணியை வரவேற்றுப் படம் எடுத்துக்கொண்டார்.

மரடோனா அன்று ஒன்றும் பேசவில்லை. பதினெட்டு வயதுப் பையன், என்ன பேசுவான்? நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் கத்தியதற்கும் அன்று தன்னை வைத்துப் படம் காட்டியதற்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மூன்றாம் அம்பயர்

ரேடியோ அண்ணே, அந்த மைக்கைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பெயர் வைத்தீர்களா?

பழைய ரேடியோ

அம்பயர், உன் வேலையைப் பார்.

நீலவெள்ளை

ரேடியோ சார் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு. நீ பேசாவிட்டால் உன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வேறொருவன் பேசுவான். ஒரு வருஷம் முன்பு, 1978-இலும் இதுதான் கதை. உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த மொனுமென்டல் மைதானத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எஸ்மா கடற்படைப் பள்ளி, அதற்குள் சித்திரவதைக் கூடம். கோலுக்கு எழுந்த ஆரவாரம் உள்ளே இருந்த கைதிகளுக்குக் கேட்டது. பயிற்சியாளர் மெனோட்டி இடதுசாரி. கோப்பையை எடுத்துக் கொடுத்தது விதேலா. மெனோட்டி ஜனங்களுக்காக ஆடினோம் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார், நல்ல விளக்கம்தான். புகைப்படத்தில் இருப்பது விதேலா.

ஆஃப்சைட் சொல்லாமல் விட்ட இன்னொன்று. மரடோனா தன் பிழைப்புக்குக் கேடு வரும் இடத்திலும் பேசினார். 1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக உச்சி வெயிலில் ஆட விட்டபோது, அவரும் சக வீரர் வால்தானோவும் ஃபிஃபாவைக் கேள்வி கேட்டார்கள். 1995-இல் பிரெஞ்சு வீரர் கான்டோனாவோடு சேர்ந்து வீரர்களுக்குச் சங்கம் ஆரம்பித்தார். ஃபிஃபா தலைவர்களை அவர் பேசாத பேச்சில்லை. மெஸ்ஸி ஃபிஃபாவைப் பார்த்து என்றைக்காவது முறைத்திருக்கிறாரா?

தேநீர் இடைவேளை

மெஸ்ஸி பேசவே இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட மாதிரி இருக்கிறது. அது உண்மை இல்லை.

ராணுவ ஆட்சியில் கர்ப்பிணிகளைப் பிடித்து வைத்திருந்து, பிரசவமானதும் தாயைக் கொன்று, குழந்தையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அப்படிப் பறிபோனவை சுமார் 500 குழந்தைகள் என்கிறார்கள் பிளாசா டி மாயோவின் பாட்டிமார் என்ற அமைப்பினர். 1977-இலிருந்து அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இதுவரை சுமார் 140 பேரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2014 உலகக் கோப்பைக்குக் கொஞ்ச நாள் முன்பு மெஸ்ஸி, மஸ்செரானோ, லவேஸ்ஸி மூன்று பேரும் அந்தப் பாட்டிமாரோடு ஒரு விளம்பரப் படத்தில் வந்தார்கள். பத்து உலகக் கோப்பைகளாக உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம், உங்கள் பிறப்பில் சந்தேகம் இருந்தால் வாருங்கள் என்பதுதான் செய்தி. அந்த ஆகஸ்டிலேயே அமைப்பின் தலைவி எஸ்தெலா டி கார்லோட்டோ தன் சொந்தப் பேரனைக் கண்டுபிடித்தார், 36 வருஷம் கழித்து. படத்தைப் பார்த்துத்தான் அவர் வந்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் மெஸ்ஸியை விடப் பத்து வயது மூத்தவர்கள், டிவி முன் உட்கார்ந்து அர்ஜென்டினா ஆட்டம் பார்க்கிறவர்கள். அவர்களிடம் போய்ச் சேர இதைவிடச் சரியான முகம் கிடையாது. மதுரோ மேடையில் ஆடியதையும் இதையும் ஒரே தராசில் வைத்தால் எனக்கு இது கனமாக இருக்கிறது.

நீலவெள்ளை

அக்கா, அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் 2014-இல் பாட்டிமார் பக்கம் நிற்பதில் என்ன ஆபத்து? அரசாங்கமே அவர்களோடு நின்றது, தளபதிகள் சிறையில் இருந்தார்கள், விதேலா அதற்கு முந்தைய வருஷமே சிறையில் செத்தும் போனான். எல்லோரும் கைதட்டும் இடத்தில் பேசுவது பேச்சில் சேர்த்தியா?

தேநீர் இடைவேளை

பேரனைத் தேடுகிற பாட்டிக்கு, வந்தவர் துணிச்சலாக வந்தாரா பத்திரமாக வந்தாரா என்பதா முக்கியம்?

பழைய ரேடியோ

அங்கே ஆட்டக்காரர்கள் ஏன் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கு இன்னொரு பழைய கணக்கு உண்டு.

1950-இல் முதல் உலக கூடைப்பந்துப் போட்டி, புவெனஸ் அயர்ஸின் லூனா பார்க் அரங்கில். அமெரிக்காவை 64-50 என்று தோற்கடித்து அர்ஜென்டினா சாம்பியன். அதிபர் பெரோன் வெற்றி பெற்றவர்களுக்கு ஆளுக்கொரு கார் இறக்குமதி செய்யும் உரிமம் கொடுத்தார். 1955-இல் பெரோனை ராணுவம் துரத்தியது. வந்தவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று பெரோன் வாசனை அடித்த எல்லாரையும் ஒழித்துக்கட்டுவது. விளையாட்டையும் விடவில்லை. அந்த உரிமத்தைக் காரணம் காட்டி, நீங்கள் காசுக்கு ஆடும் தொழில்முறைக்காரர்கள் என்று சொல்லி, உலக சாம்பியன்களுக்கே ஆயுள் தடை போட்டார்கள். ஒரு தலைமுறை ஆட்டமே போயிற்று.

டென்னிஸில் மேரி தெரான் டி வெய்ஸ். 1951 பான் அமெரிக்கப் போட்டியில் தங்கம் வாங்கியவர், வெளிப்படையான பெரோன் ஆதரவாளர். அவரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. இன்று தலைநகரின் பெரிய டென்னிஸ் அரங்கத்துக்கு அவர் பெயர். உயிரோடு இருந்தபோது அவருக்கு அங்கே ஒதுக்கம்தான் கிடைத்தது.

அதிபரோடு கை குலுக்கினால் அடுத்த அதிபர் கையை ஒடிப்பார். இது அந்த ஊர் வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும் சங்கதி. மெஸ்ஸி கோழை என்று சொல்லும்முன் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் அம்பயர்

போப் பிரான்சிஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். 2013-இல் போப் ஆனார். பிரேசில் போனார், பராகுவே போனார், பொலிவியா, சிலி எல்லாம் போனார். பன்னிரண்டு வருஷத்தில் சொந்த நாடான அர்ஜென்டினாவுக்கு ஒரு நாள் வரவில்லை, 2025 ஏப்ரலில் காலமாகிவிட்டார். போனால் எந்தக் கட்சி அவரைத் தன் ஆள் என்று சுவரொட்டி அடிக்குமோ என்ற யோசனைதான் என்று பலர் எழுதினார்கள். சான் லொரென்சோ கால்பந்துக் கிளப் உறுப்பினர் கட்டணத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டி வந்தார் போல. போப்புக்கே அந்த நிலைமை என்றால் இடது காலால் பந்து உதைக்கிறவர் என்ன செய்வார்?

ஆஃப்சைட்

இதைத்தான் நான் வேறு மாதிரி சொல்ல நினைத்தேன். 2022 டிசம்பர் 20. கத்தாரில் பிரான்சை பெனால்டியில் ஜெயித்துக் கோப்பையோடு வந்து இறங்கினார்கள். தெருவில் லட்சக்கணக்கான ஜனம். பேருந்து நகர முடியாமல் கடைசியில் ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். அதிபர் மாளிகையான காஸா ரோசாடா காத்துக்கொண்டிருந்தது. அணி போகவே இல்லை. மாளிகைப் பால்கனியில் அணியோடு நிற்கும் படம் அதிபர் ஃபெர்னாண்டஸுக்குக் கிடைக்கவில்லை.

1979-இல் விதேலாவுக்குக் கிடைத்தது 2022-இல் யாருக்கும் கிடைக்கவில்லை. மெஸ்ஸி ஒரு வார்த்தை பேசாமல் செய்த வேலை இது. இதையா கோழைத்தனம் என்கிறீர்கள்?

பழைய ரேடியோ

சரியான இடத்தைத் தொட்டாய். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். 1986-இல் உலகக் கோப்பையை வென்ற அணி அதே பால்கனிக்குப் போனது. அதிபர் அல்ஃபோன்சின் பால்கனியை ஆட்டக்காரர்களிடம் விட்டுவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார். பண்பு தெரிந்த அதிபர் இருந்தால் பால்கனிக்குப் போவதில் தப்பில்லை. அது ஆட்டக்காரன் கையில் இல்லை.

நீலவெள்ளை

அந்தப் பால்கனிக் கதையை ஒத்துக்கொள்கிறேன், அது அழகான காரியம். ஆனால் 2024-ஐப் பாருங்கள். தென் அமெரிக்கக் கோப்பையான கோபா அமெரிக்காவை ஜெயித்துவிட்டு வந்த பஸ்ஸில் என்சோ ஃபெர்னாண்டஸ் பிரெஞ்சு வீரர்களைப் பற்றி இனவெறிப் பாட்டு ஒன்றை நேரலையில் விட்டார். விளையாட்டுத் துறைத் துணைச் செயலாளர் ஹூலியோ காரோ, கேப்டன் மெஸ்ஸி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அதிபர் மிலேய் அவரைப் பதவியிலிருந்தே தூக்கினார், உலக சாம்பியன்களுக்கு எந்த அரசும் பாடம் சொல்ல முடியாது என்று. இது பெரோனும் இல்லை, விதேலாவும் இல்லை. சொந்த அணியின் உடை மாற்றும் அறை விவகாரம். கேப்டன் ஒரு வரி எழுதியிருந்தால் எந்த ராணுவம் வந்து பிடித்துக்கொண்டு போயிருக்கும்?

கூடைப்பந்து என்று ரேடியோ சார் ஆரம்பித்தார், அதையே எடுத்துக்கொள்வோம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை அரையிறுதியில் வீழ்த்தித் தங்கம் வாங்கிய தலைமுறை, ஜினோபிலி, ஸ்கோலா எல்லாம். 2014-இல் ஸ்கோலா முன்னால் நின்று தங்கள் கூட்டமைப்பின் நிர்வாகச் சீர்கேட்டை வெளிப்படையாகக் கேட்டார். புரட்சி, சே குவேரா எதுவும் இல்லை. எங்கள் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்றார், அதுவும் உலகப் போட்டி வருஷத்தில். மெஸ்ஸியிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

தேநீர் இடைவேளை

இதில் நீலவெள்ளையோடு நான் இருக்கிறேன். ஆஃப்சைட் சொல்லும் மௌனத்தில் எனக்கு நெருடும் இடம் வேறு. அரசியலில் யாருக்கும் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறவர் 2022-இல் சவுதி அரேபியாவின் சுற்றுலாத் தூதர் ஆனார். ஃபெர்னாண்டஸுக்குக் கிடைக்காத படம், காசு கொடுத்த இன்னொரு அரசுக்குக் கிடைத்தது. ஸ்பெயினில் வரி ஏய்ப்புக்காக 2016-இல் 21 மாதத் தண்டனை வந்தது, சிறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அங்கேயும் நீதிமன்றத்தில் சொன்னது, பணத்தை அப்பா பார்த்துக்கொள்வார் என்பதுதான்.

ஆஃப்சைட்

விளம்பர ஒப்பந்தம் வேறு, அரசியல் வேறு. மரடோனா துபாய் கிளப்பில் பயிற்சியாளராக இருந்தாரே, அதை யாரும் கேட்பதில்லை. மரடோனாவுக்கு மன்னிப்பு சீசன் டிக்கெட் மாதிரி, வருஷம் முழுக்கச் செல்லும்.

தேநீர் இடைவேளை

துபாய்க்குப் போனவர் கிளப்புக்கு வேலை பார்த்தார். இங்கே வாடிக்கையாளர் ஒரு நாட்டின் அரசு. அதை விளம்பரம் என்று மட்டும் எழுதிக் கடக்க முடியாது.

மூன்றாம் அம்பயர்

1978 அணிக்காரர்கள் பிற்பாடு ஏதாவது சொன்னார்களா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய ரேடியோ

2008-இல், முப்பது வருஷம் முடிந்தபோது, மனித உரிமை அமைப்புகள் மொனுமென்டலில் ஒரு நினைவு ஆட்டம் நடத்தின. எஸ்மாவிலிருந்து மைதானம் வரை நடந்தே வந்தார்கள். சாம்பியன் அணியிலிருந்து லூக்கே, வில்லா, ஹவுஸ்மன் போன்ற சிலர் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் வரவில்லை.

நீலவெள்ளை

அந்த வராதவர்களைப் பற்றித்தான் நான் இழையை ஆரம்பித்ததே.

ஆஃப்சைட்

வந்த அந்தச் சிலருக்கும் முப்பது வருஷம் ஆயிற்று, அதுவும் பூட்ஸைக் கழற்றிய பிறகு. மெஸ்ஸி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். உங்கள் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.