காலக்கெடு கடந்த தண்டப்பத்திரம்: லண்டனில் உங்களுக்கு நடந்தது என்ன?

ஹரோவிலிருந்து:
2023 இல் நடந்தது. வாகனத் தரிப்பிடப் பிழைக்காகக் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்த 130 பவுண்ஸ் தண்டப்பத்திரத்தை, 14 நாட்களுக்குள் கட்டினால் 65 தானே என்று எடுத்து வைத்தவன், அடியோடு மறந்துவிட்டேன். அதன்பின் வந்த கடிதங்கள் எல்லாம் பழைய வீட்டுக்கே போயிருக்கின்றன; வீடு மாறியபோது சாரதி அனுமதிப்பத்திரத்தில் முகவரியை மாற்றிய நான், லொக் புக் எனப்படும் வாகனப் பதிவுப் பத்திரத்திலும் அது தானாக மாறிவிடும் என்று நம்பியிருந்தேன்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, கட்டாத தண்டத்தை வசூலிக்கும் அலுவலரான பெய்லிஃப் வந்தார். கதவைத் திறந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வாரங்களே ஆன என் அம்மா. யாரோ தெரிந்தவர் என்று எண்ணி உள்ளே இருத்தித் தேநீரும் கொடுத்திருக்கிறார். நான் வேலையிலிருந்து ஓடிவந்தபோது அந்தப் பெய்லிஃப் ஒரு கையில் கோப்பையுடன், பறிமுதல் செய்யக்கூடிய பொருட்களின் பட்டியலில் தொலைக்காட்சியை எழுதிக்கொண்டிருந்தார். "சீனி காணுமோ எண்டு கேள், தம்பி" என்றார் அம்மா. தொகை 195 ஆக ஏறி, பெய்லிஃபின் கட்டணங்களான 75, 235 என்பவையும் சேர்ந்து 500 ஐத் தாண்டியிருந்தது. அன்றிரவே நோர்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்துக்கு பிந்தி விண்ணப்பிக்க அனுமதி கேட்கும் டிஈ 7, சாட்சிக் கூற்றான டிஈ 9 ஆகிய படிவங்களை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் வந்த புதிய கடிதத்துக்கு 130 ஐக் கட்டிவிட்டேன், பிழை என்னுடையதுதான். ஆனால் அந்தக் கோப்பை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ரூட்டிங்கிலிருந்து:
எனக்கு மறுத்துவிட்டார்கள். அறிவிப்புப் பலகையை மரக்கிளை மறைத்திருந்தது என்று டிஈ 7 இல் ஒரு பக்கம் எழுதி, நான்கு படங்களையும் இணைத்தேன். ஏன் பிந்தினேன் என்ற கேள்விக்கு எழுதியது, வேலை அதிகம் என்ற ஒரே வரி. கிளையை அடுத்த மாதமே வெட்டிவிட்டார்கள். அந்தப் படங்களை அழிக்க மனம் வரவில்லை.

ஈஸ்ட்ஹாமிலிருந்து:
ஹரோ நண்பரே, அம்மாவின் தேநீரைச் சொல்லிப் பயனில்லை, லொக் புக்கைத் திருத்தாதது நீங்கள். அதற்கே 1000 பவுண்ஸ் வரை தண்டம் உண்டு. எனக்கு நடந்தது சிறிய விடயம்: உரிய காலத்தில் ஆட்சேபித்தும் கவுன்சிலின் பதில் வந்து சேரவில்லை, படிவத்துடன் அஞ்சலகப் பற்றுச்சீட்டை இணைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

மற்றவர்கள் கவனிக்க வேண்டியது, டிஈ 7 பிந்தியதற்கான காரணத்தை மட்டுமே கேட்கிறது. டிஈ 9 இல் வாகன உரிமையாளருக்கு அஞ்சலில் வரும் அறிவித்தல் கிடைக்கவில்லை, ஆட்சேபனைக்குப் பதில் வரவில்லை, தீர்ப்பாயத்துக்குச் செய்த முறையீட்டுக்குப் பதில் இல்லை, பணம் ஏற்கனவே கட்டப்பட்டது என்பன போன்ற காரணங்களுக்கே இடம் உண்டு. மரக்கிளைக்கு அங்கே வேலை இல்லை, அது பின்னர் கவுன்சிலிடமோ லண்டன் தீர்ப்பாயத்திடமோ சொல்ல வேண்டியது. படிவம் ஏற்கப்பட்டாலும் தண்டம் இரத்தாகிவிடுவதில்லை; வழக்கு முந்தைய படிக்குத் திரும்புகிறது, அவ்வளவே. மறுத்தால் 14 நாட்களுக்குள் N244 எனப்படும் படிவத்தில் கட்டணம் கட்டி மாவட்ட நீதிபதியின் பரிசீலனையைக் கேட்கலாம். கிடைத்த கடிதத்தைக் கிடைக்கவில்லை என்று எழுதுவது நீதிமன்ற அவமதிப்பு. வாகனத் தண்டத்துக்காக முதல் முறை வரும் பெய்லிஃப் கதவை உடைத்து உள்ளே வர முடியாது, திறக்காமலே பேசுங்கள்.

இல்ஃபோர்டிலிருந்து:
ஈஸ்ட்ஹாம் அண்ணா, கதவைத் திறக்காவிட்டால் போதும் என்ற எண்ணத்தில்தான் நானும் மேல்மாடியில் விளக்கை அணைத்துவிட்டு இருந்தேன். வந்த பெய்லிஃப் கதவைத் தட்டவேயில்லை. வீதியில் நின்ற என் காரின் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கண்ணாடியில் தாளை ஒட்டிச் சென்றார். திரைச்சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹரோவிலிருந்து:
ஈஸ்ட்ஹாம் அண்ணா, அம்மாவை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் சொன்ன லொக் புக்கை அந்த வாரமே திருத்திவிட்டேன். வந்தவர் யார் என்று மட்டும் அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. தொலைபேசியில் பேசும்போது, அந்தப் பிள்ளை பிறகு வந்ததா என்று இப்போதும் கேட்கிறார்.