கிழிந்த வலையும் மெழுகும் போட்டுக் குதிரைத் தளம் அமைக்கலாமா?

சாயல்குடி வண்டிக்காரன்:
வண்டிப் பந்தயத்துக்கு ஒரு குதிரை வைத்திருக்கிறேன். பழக்குவது எல்லாம் தார்ரோட்டில்தான். சாயங்காலம் தொட்டால் முன்னங்கால் இரண்டும் சுடுகிறது. வெளிநாட்டில் மணலோடு நார், ரப்பர், மெழுகு கலந்து செயற்கைத் தளம் போடுகிறார்களாமே? பனங்காட்டு ஓரம் நீளமாக இடம் இருக்கிறது. மணலுக்குப் பஞ்சமில்லை, கிழிந்த நைலான் வலை சும்மாவே கிடைக்கும். மெழுகைக் காய்ச்சி ஊற்றினால் போதுமா?

துபாய் லாயம்:
தம்பி, வலையைப் போட்டுவிடாதே. ஒரு கண்ணி லாடத்தில் மாட்டினால் குதிரை குப்புற விழும். அவர்கள் போடுவது பொடியாக நறுக்கிய நார்.

நான் துபாயில் குதிரை பார்த்தவன். அங்கே மெய்தான் பந்தய மைதானம் 2010இல் திறந்தபோது தபேட்டா என்கிற மெழுகு கலந்த செயற்கைத் தளம்தான். சில வருடத்தில் அதை எடுத்துவிட்டு மண் போட்டார்கள். அமெரிக்காவில் டெல்மார் பந்தய மைதானத்திலும் 2015இல் மண்ணுக்கே திரும்பினார்கள். வெயில் ஏறினால் மெழுகு இளகும், காலையில் ஒரு பதம், மதியம் வேறு பதம். நம்ம ஊர் சித்திரையை நினைத்துக்கொள். அதற்காகப் பொருள் மட்டம் என்று சொல்ல மாட்டேன். கால் முறிந்து குதிரை சாவது செயற்கைத் தளத்தில் குறைவு என்றுதான் அமெரிக்கக் கணக்கு சொல்கிறது.

ஆனால் சூட்சுமம் மேலே மட்டும் இல்லை, அடியிலும் இருக்கிறது. கல் அடுக்கும் வடிகாலும் சரியாக இருக்கணும். அமெரிக்காவில் சான்டா அனிட்டா மைதானத்துச் செயற்கைத் தளத்தில் 2008 மழைக்குத் தண்ணீர் வடியாமல் பந்தயங்களையே ரத்து செய்தார்கள்.

வாலிநோக்கம் உப்பளம்:
உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணியை மணலில் தெளித்துப் பாருங்கள். அதில் மெக்னீசியம் குளோரைடு நிறைய; காற்றின் ஈரத்தை இழுத்து வைக்கும், புழுதி அடங்கும்.

துபாய் லாயம்:
இது நல்ல யோசனை, அண்ணே. வெளிநாட்டிலும் அந்த உப்பைப் போடுகிறார்கள். ஆனால் குளம்பு வறண்டு வெடிக்கும், லாடம் துருப்பிடிக்கும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணியில் காலைக் கழுவி, குளம்புக்கு எண்ணெய் பூசணும்.

சாயல்குடி வண்டிக்காரன்:
அதுவரை கடற்கரையில் ஓட்டலாமா அண்ணே?

துபாய் லாயம்:
தாராளமாக. இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை மூன்று தடவை ஜெயித்த ரெட் ரம் என்கிற குதிரை அங்கே சவுத்போர்ட் கடற்கரையில் பழகியதுதான். அலை நனைத்துவிட்டுப் போன இறுகல் மணலில் மட்டும் ஓட்டு. காய்ந்த மணலில் கால் புதைந்து நரம்பு இழுத்துக்கொள்ளும். நம்ம பக்கம் கடல் வற்றுவது பெரிதாக இருக்காது, ஈரப் பட்டை ஒடுக்கம். மூக்கையூர்ப் பக்கம் என்றால் வள்ளம் கரையேற்றும் நேரம் கேட்டுக்கொண்டு போ. அப்புறம் அந்தக் கால் சூட்டை மாட்டாஸ்பத்திரியில் காட்டிவிட்டு ஆரம்பி.